கட்டணப் பள்ளியா, பக்கத்துப் பள்ளியா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தே முறுக்கு, மணகோலம், அதிரசம் என்று ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். மகளுக்கு வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. காரைக்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கட்டணம், வேன், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 50,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. மாமியாரோ, நகையை அடகு வைத்தாவது இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார். அவ்வளவு பணத்துக்கு ஏற்ற படிப்பு அங்கே கிடைக்குமா?
– வாசகி, ஆத்தங்குடி

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், சகோதரி. கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிய 6 லட்சம் ஆகிறது. கட்டணம் ஏறாமல் இருக்காது. அடகு வட்டி தனி. பள்ளிச் செலவு என்பது ஒரு வருடத்துச் செலவன்று என்பதை மாமியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். முதல் வருடத்துக்கே நகை அடகுக்குப் போகிறதென்றால், நாலாம் வகுப்பில் குழந்தையை நிறுத்தி வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டிய நிலை வரலாம் என்பதே என் அச்சம்.

அடுத்து, அந்தப் பணம் எதை வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். வேறொரு பாடத்திட்டத்தை அது வாங்கவில்லை. 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஏற்பட்ட பிறகு, அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். பத்தாம் வகுப்புத் தேர்வும் ஒன்றுதான். ஆங்கில வழி வேண்டுமென்றால் அரசுப் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பிரிவும் இருக்கிறது. (சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால் பாடத்திட்டம் வேறு. நீங்கள் எழுதியிருப்பது அதைப் பற்றி இல்லை.)

தனியார் பள்ளியில் உறுதியாகக் கிடைப்பது ஒன்று உண்டு: வகுப்புக்கு ஓர் ஆசிரியர். இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறார்கள் என்றால், ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போகும் நாளில் மற்றவர் ஐந்தையும் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளின் உண்மையான குறை இதுதான்; ஆசிரியர்களின் தகுதி குறைவு என்று பொதுவாகப் பேசுவது நியாயமாகாது, ஏனெனில் அவர்கள் உரிய ஆசிரியர் பயிற்சி முடித்து, பணி நிரந்தரத்தோடு வந்தவர்கள். தனியார் பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்கு வந்து, வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறவர்கள் அதிகம். ஆகவே அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ஒன்றாம் வகுப்பு ஆசிரியை எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்பதாகும்.

ஆகையால் பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்க்காமல், உங்கள் தெருப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில், காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குப் போய், தலைமையாசிரியரைப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்களே, மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பிலேயே நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மறைக்காமல் சொல்கிறவரை நம்பலாம். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ஒரு தெருப்பள்ளிப் பிள்ளையையும், ஒரு வேன் பிள்ளையையும் கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். இருவரின் நோட்டையும் புரட்டுங்கள். நல்ல கட்டணம் வாங்கும் பள்ளி ஒன்றின் நோட்டில், 'பள்ளி' என்பதைப் பிள்ளை 'பல்லி' என்று எழுதியிருக்க, அதன் மேலேயே சிவப்பு மையில் சரி போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிழையைத் திருத்துகிற கை எந்தப் பள்ளியில் இருக்கிறதோ அங்கே சேருங்கள்.

பள்ளியில் மூன்று ஆசிரியர்களாவது இருந்து, பிள்ளைகள் தடையில்லாமல் வாசிக்கிறார்கள் என்றால், உங்கள் நிலையில் நான் நகையைத் தொடமாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பேன். ஒரே ஆசிரியர்தான், அவரும் அடிக்கடி இல்லை என்றால், அடுத்த ஊர்ப் பள்ளியை விசாரியுங்கள். அதுவும் சரியில்லாதபோது கடன் வாங்காமல் கட்ட முடிகிற தனியார் பள்ளியைப் பார்ப்பதில் தவறில்லை.

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியலில் தனி இடஒதுக்கீடு உண்டு என்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளிக்கும் அது பொருந்துமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பொருந்தாது. 2020-இல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. பொறியியலில் அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மருத்துவத்துக்கு நீட் தேர்வு எழுதித் தேறியாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஒதுக்கீட்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஆனாலும் உங்கள் ஊரில் இருந்துகொண்டு உதவி பெறும் பள்ளியை ஒதுக்கிவிடாதீர்கள். பர்மாவிலும் மலேயாவிலும் பொருள் ஈட்டிய நகரத்தார் தங்கள் ஊர்களில் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் கொடுத்தார்கள்; கிறித்தவச் சபைகளும் நடத்தின. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் தமிழ் வழிப் பிரிவில் செலவு மிகக் குறைவு. மைதானமும் நூலகமும் பல புதிய தனியார் பள்ளிகளைவிடப் பெரிதாக இருக்கும். கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் 2024 முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதியில் நடப்பதால் அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர்களே தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். நாங்கள் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?
– வாசகி, புதுவயல்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். நம்பச் சொல்லவில்லை, போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தான். அவன் தங்கை ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். இனிக் கட்ட வசதியில்லை. பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்க்க முடியுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: முடியும். டி.சி. வரத் தாமதமாகிறது என்ற காரணத்துக்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் சொல்லியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய மதிப்பெண் அட்டை ஆகியவற்றோடு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். அவர் தயங்கினால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி என்று அவர்கள் சொல்லும் தொகையையும் சரிபாருங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பள்ளிக்குக் கட்டண நிர்ணயக் குழு ஒரு தொகையை நிர்ணயித்திருக்கும்; அதற்கு மேல் கேட்டால் ரசீதுகளோடு குழுவுக்குப் புகார் அனுப்பலாம். ஆறாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் படித்துவிட்டதால் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உங்கள் மகனுக்குக் கிடைக்காது. தங்கை ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவளை ஆறாம் வகுப்பிலேயே மாற்றிவிடுங்கள்.