அம்மா நகர்ந்தாலே குழந்தை அழுவது மனநலக் கோளாறா?

10 மாதக் குழந்தை, நீங்கள் குளிக்கப் போனாலே கதறுகிறது, இது பதற்றக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, வளர்ச்சிதான். கண்ணுக்குத் தெரியாததும் எங்கோ இருக்கிறது என்ற புரிதல் 8 மாதத்தையொட்டி வருவதாக குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே சொன்னார். அம்மா எங்கோ இருக்கிறாள் என்று தெரிகிறது; திரும்பி வருவாள் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. அதனால்தான் அழுகை.

சரி, எப்போது கோளாறு? பயம் வயதுக்குப் பொருந்தாமல், குறைந்தது 4 வாரம் நீடிக்க வேண்டும் என்கிறது 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு. 8 வயதுப் பிள்ளை அம்மாவைப் பிரிய அஞ்சி, தினமும் காலையில் வயிற்றுவலி என்று வாரக்கணக்கில் பள்ளிக்குப் போக மறுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நடிப்பு என்று தயவுசெய்து அடிக்காதீர்கள், பயத்திலும் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

அப்புறம், குழந்தைக்குத் தெரியாமல் நழுவாதீர்கள். "குளிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டே போங்கள்.