ஆயில் ஒழுகும் பழைய கார்: கேள்வியும் பதிலும்

ராமநாதபுரத்தில் முப்பது ஆண்டுகளாகப் பழைய கார்களின் என்ஜின் வேலை பார்த்து வருகிறேன். ஆயில் ஒழுகுவது பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

பரமக்குடியிலிருந்து: என்னிடம் இருப்பது 1998 மாருதி 800. என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. கிராங்க் (என்ஜினின் சுழலும் தண்டு) பின்பக்க சீல் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா அண்ணன்?

இப்போதே இறக்க வேண்டாம் தம்பி. ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசிந்த ஆயில் இரும்பைப் பிடித்துக்கொண்டே இறங்கி, கடைசியில் தாழ்ந்த முனையிலிருந்து சொட்டும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். அதனால் நனைந்த இடங்களில் எது மிக உயரத்திலும் முன்பக்கத்திலும் இருக்கிறதோ, அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

உங்கள் வண்டியில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பது சிலிண்டர் ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்க முனையில். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓரிங் உண்டு. அது காய்ந்து கெட்டியானால் ஆயில் நேராகக் கியர் பாக்ஸ் தலையில் இறங்கும். கீழிருந்து பார்ப்பவருக்குக் கிராங்க் சீல் போனது போலவே தெரியும்.

என்ஜின் ஆறியபின் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் அந்தப் பக்கம் முழுவதையும் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்திலும், டேப்பெட் கவர் (என்ஜினின் மேல்மூடி) ஓரத்திலும், ஆயில் பிரஷர் சுவிட்சைச் சுற்றியும் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் போன வழி பழுப்புக் கோடாகத் தெரியும். கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். இந்த மூன்று இடமும் வெள்ளையாகவே இருந்து, கீழே மட்டும் ஈரமாக இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது தாராளமாக இறக்குங்கள்.

கீழக்கரையிலிருந்து: வாப்பா ஓட்டிய அம்பாசடர். நான் துபாயில் இருந்த ஆறு ஆண்டும் கொட்டகையில் நின்றது. இப்போது எடுத்து ஓட்டினால் எல்லாப் பக்கமும் ஆயில். என்ஜினைப் பிரித்துவிடலாமா?

முதலில் பிரீதர் என்னும் காற்றுக் குழாயைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று வெளியேற அது ஒன்றுதான் வழி. அதில் பழைய ஆயில் இறுகியிருந்தாலோ, குளவி கூடு கட்டியிருந்தாலோ காற்று உள்ளேயே அழுத்தும். இணைப்புகளை அடைக்கும் பேக்கிங்கில் எது பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும், வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது (ஐடிலில்) ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் நிற்காது.

புகை இல்லையென்றால் டேப்பெட் கவரின் கார்க் பேக்கிங்கையும், பக்கவாட்டுத் தகட்டின் கார்க்கையும் மாற்றுங்கள். ஆறு ஆண்டுச் சூட்டில் கார்க் சுருங்கியிருக்கும். புதிதாக வாங்கியதும் கடையில் காய்ந்து துளைகள் பொருந்தாமல் இருந்தால், சற்று நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள், விரிந்து பொருந்தும். நட்டை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். கவர் வளைந்தால் புதிய கார்க்கும் கசியும்.

இன்னொன்று. பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகு வரிதான் ஆயிலைத் திருப்பி உள்ளே அனுப்புகிறது. ஓடும்போதுதான் அது வேலை செய்யும். நிறுத்திய பிறகு, அதிலும் சரிவில் நிறுத்தினால், சில சொட்டு விழும். அது அந்த என்ஜினின் இயல்பு. அதற்காக வாப்பாவின் வண்டியைப் பிரித்துப் போடாதீர்கள்.

மண்டபத்திலிருந்து: ஆயில் சீல் நல்லதா, மட்டமா என்று கடையில் வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுப்போ பழுப்போ, நிறத்தை நம்ப வேண்டாம். சீலை விரலில் மாட்டி அதன் உதட்டை, அதாவது தண்டைத் தொட்டு நிற்கும் உள்விளிம்பை, தடவுங்கள். பிசிறில்லாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். உதட்டின் பின்னால் மெல்லிய சுருள் கம்பி ஒன்று இருக்கும். அது தளர்ந்தோ, இணைப்பில் முண்டாகவோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சீல் மேலேயே 35, 50, 8 என்பது போல அளவு பதிந்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். பழைய சீலைக் கையோடு கொண்டுபோய் மூன்றையும் ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் வாங்காதீர்கள்.

ரப்பரின் வகையையும் கேளுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் நூறு டிகிரி சுற்றுவட்டாரத்தில் நீண்ட நாள் உழைக்கும். அதற்கு மேல் சூடேறும் இடத்தில் இறுகி வெடிக்கும். விட்டான் என்னும் ரப்பர் இருநூறு டிகிரி வரை தாங்கும். விலை சில மடங்கு அதிகம். ஆனால் சீலை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டிய இடத்தில், சீல் விலையைவிட வேலைக்கூலிதான் பெரிது. அங்கே மிச்சம் பிடித்தால் அதே கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க நேரும்.

நல்ல சீலும் தேய்ந்த தண்டில் நிற்காது. தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால், புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள்; உதடு தேயாத இடத்தில் உட்காரும். பொருத்துமுன் உதட்டில் ஆயில் தடவ வேண்டும். காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே கருகும்.

தங்கச்சிமடத்திலிருந்து: ஆம்னியில் மீன் ஏற்றுகிறேன். சம்ப் (என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் ஊசித் துளை. எம்சீல் பசை வைத்தால் போதுமா?

ஊர் போய்ச் சேரும்வரை போதும். அந்தத் துளை உள்ளிருந்து வந்ததல்ல. உப்புக் காற்றும், மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் தகட்டை வெளியிலிருந்து தின்றிருக்கின்றன. ஸ்குரூடிரைவர் பிடியால் சம்ப்பைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகக் கேட்கும், துருச் செதில் உதிரும். ஒரு துளை கண்ணுக்குத் தெரிந்தால் பக்கத்தில் இன்னும் சில காத்திருக்கும். வெல்டிங் வைத்தால் மெல்லிய தகடு மேலும் ஓட்டையாகும். புதிய சம்ப் வாங்கி, பொருத்துமுன் துரு தடுக்கும் பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் அடியுங்கள்.

வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், நல்ல தண்ணீரில். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு ஏறும்.

ஏர்வாடியிலிருந்து: கசிவை நிறுத்தும் திரவம் விற்கிறார்களே, ஊற்றலாமா?

வேண்டாம். ரப்பரைக் கொஞ்ச நாள் உப்ப வைக்கும், அவ்வளவுதான். உப்பிய ரப்பர் பிறகு தொய்ந்துவிடும்.

திருவாடானையிலிருந்து: சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கலாமா?

சம்ப், டேப்பெட் கவர், டைமிங் கவர் போன்றவற்றை விளிம்பு நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பார்த்து வாங்கலாம். ரப்பரிலும் கார்க்கிலும் பழையது வேண்டவே வேண்டாம்.

தேவிபட்டினத்திலிருந்து: பழைய ஜீப். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். அந்த ஈரத்தை ஒரு கிண்ணத் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். கலந்துவிட்டால் பிரேக் ஆயில். சக்கர சிலிண்டர் கசிகிறது. மிதந்து, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். ஆக்ஸில் (சக்கரத்தைச் சுழற்றும் அச்சு) சீல் போயிருக்கிறது. ஆக்ஸில் மேலுள்ள சிறு பிரீதரும் சேற்றில் அடைத்திருக்கும், அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இரண்டில் எதுவானாலும் ஆயில் குடித்த பிரேக் ஷூவைக் கழுவித் திரும்பப் போடவிடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிது மாற்றுங்கள். அதுவரை அந்த ஜீப்பைப் பாம்பன் பாலத்தில் ஏற்ற வேண்டாம்.