கல்லீரல் நீர்க்கட்டி: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் 4 செ.மீ. அளவுக்கு ஹைடாடிட் நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையைத் தினமும் இருவேளை, மூன்று மாதம் சாப்பிடச் சொன்னார்கள். குடல்புழுவுக்கு ஒரே ஒரு மாத்திரைதானே தருகிறார்கள்? ஒரு மாதமாகியும் கட்டி சிறுக்கவில்லை. நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போகலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம்.

குடல்புழு குடலிலேயே இருப்பதால் மருந்து நேராக அதன் மேல் படுகிறது. உங்கள் கட்டி, நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். தடித்த உறைக்குள், நீருக்கு நடுவே இருக்கிறது. மருந்து இரத்தத்தில் கலந்து, உறையைத் தாண்டி உள்ளே போய், ஒட்டுண்ணி சர்க்கரையை உறிஞ்சுவதைத் தடுக்க வேண்டும். பட்டினியில் அது சாக வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். மூன்று முதல் ஆறு மாதம் வரை இடைவிடாமல் கொடுப்பது வழக்கம்.

ஒன்று கேட்கிறேன்: மாத்திரையை வெறும் வயிற்றிலா விழுங்குகிறீர்கள்? ‘உணவுக்குப் பின்’ என்று சீட்டில் எழுதினால் பலரும் பொருட்படுத்துவதில்லை. அல்பெண்டசோல் விஷயத்தில் அது மிக முக்கியம். கொழுப்பு நிறைந்த உணவோடு சாப்பிட்டால், வெறும் வயிற்றில் சாப்பிடுவதைவிட ஐந்து மடங்கு வரை கூடுதலாக மருந்து இரத்தத்தில் சேரும்.

அளவு குறையாததைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். கட்டியின் அளவைவிட அதன் உட்புறத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உள்சவ்வு கழன்று நீரில் மிதப்பது, தெளிந்த நீர் மறைந்து கெட்டிப்படுவது போன்றவை மருந்து வேலை செய்வதன் அடையாளங்கள்.

ஐந்து செ.மீ.க்கு உட்பட்ட, ஒற்றை அறையுள்ள கட்டிக்கு மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். பெரிய கட்டி என்றாலோ, உள்ளே குட்டிக் கட்டிகள் நிறைந்திருந்தாலோ ஊசி வழியாக நீரை எடுப்பதா, அறுவையா என்று யோசிக்க வேண்டிவரும். அப்போதும் மாத்திரையை விட முடியாது. கட்டி உடைந்து நீர் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். சிதறிய துணுக்குகளிலிருந்து புதிய கட்டிகளும் முளைக்கலாம். ஆகவே ஊசி குத்தும் முன்பும் பின்பும் இந்த மருந்துதான் காவல். மாறாக, முழுக்கச் சுண்ணாம்பு படிந்து செயலிழந்த கட்டி, தொந்தரவு தராவிட்டால் மருந்தே தேவையில்லை. அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் போதும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் நொதிகளையும் வெள்ளணுக்களையும் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள். முடி கொட்டினால் பயப்பட வேண்டாம், மருந்து முடிந்தபின் வளர்ந்துவிடும். காய்ச்சல், தொண்டைவலி, கண் மஞ்சளாதல் ஏற்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பெண்ணாக இருந்தால், சிகிச்சையின்போது கருத்தரிக்கக் கூடாது.

மூன்றாம் மாத ஸ்கேனுக்குப் போகும்போது முதல் ஸ்கேனின் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது; இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் அறுவை பற்றி முடிவெடுக்க முடியும்.