கலர் அப்புறம், அச்சு முதலில்

கேள்வி: கார் மோதல் சோதனையின் தரவைத் திரையில் காட்டும் மென்பொருள்தான் என் கடைசி வருட ப்ராஜெக்ட். கலர் கலராக, பார்த்ததும் புரிகிற மாதிரி செய்ய ஆசை. எங்கே தொடங்குவது சார்?
– இன்ஜினீயரிங் மாணவி, வியாசர்பாடி

பதில்: கலரை அப்புறம் பார்த்துக்கலாம்மா. முதலில் கிராஃபின் அச்சை, அதாவது ஓரத்து அளவுகோலை, எல்லாக் காருக்கும் ஒன்றாகப் பூட்டு. சோதனைக் கூடத்தில் இந்த கிராஃப் கோடுகளோடு பல வருடம் இருந்தவன் சொல்கிறேன். கிராஃப் மென்பொருள்கள் பெரும்பாலும் உச்சத்துக்குத் தகுந்தபடி அச்சைத் தாமே நீட்டிச் சுருக்கிக்கொள்ளும். ஒரு காரில் டம்மியின் (மனிதருக்குப் பதில் உட்காரவைக்கும் பொம்மை) தலைக்கு 40 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 40 மடங்கு; இன்னொன்றில் 80 ஜி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். ஓரத்து எண்ணை யார் படிக்கிறார்கள்? இரண்டு காரும் ஒன்றுதான் என்று முடிவுகட்டி விடுவார்கள். இதை நினைத்தாலே எனக்குப் பதறும்.

கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் தரும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப்பின் முன்பக்கச் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பில் 40 சதவீதம் மட்டும் படும்படி தடுப்பில் மோதுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தடுப்பைத் தொட்ட கணமே பூஜ்யம். எல்லாக் கோடும் அங்கிருந்து கிளம்பட்டும். வினாடிக்கு 1000 பிரேம் எடுத்த வீடியோ என்றால் ஒரு பிரேம் ஒரு மில்லிசெகண்டு. கோட்டின் மேல் கர்சரை நகர்த்தினால் வீடியோவும் கூடவே நகரவேண்டும். தலை முன்னே வருவதற்குள் ஏர்பேக் விரிந்துவிட்டதா என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். உன் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே கொடு.

கோட்டின் நடுக்கத்தை வடிகட்டும் ஃபில்டர் எது என்பதையும் பக்கத்திலேயே குறி. தலைக்கு சிஎஃப்சி (ஃபில்டரின் வகை எண்; எண் குறைந்தால் கோடு அதிகம் மழுங்கும்) 1000, வண்டியின் பாடிக்கு 60 என்பது வழக்கம். தலைக்கோட்டுக்கு 60 போட்டால் கூர்மையான உச்சம் மழுங்கி, அடி குறைவாகப் பட்ட மாதிரி தெரியும்.

சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், கலரோடு எண்ணையும் போடு. தரவுக்குக் கவலை வேண்டாம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தன் சோதனை அளவீடுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

கேள்வி: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் தினமும் ஓட்டவேண்டும். 5 ஸ்டார் கார் வாங்கினால் போதுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: போதாதுங்க. முன்பக்கச் சோதனை, ஏறக்குறைய தன் எடையே உள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். லாரிக்கு அது பொருந்தாது, இடைவெளி விட்டே ஓட்டுங்கள். பாரத் என்கேப் மதிப்பெண் பெரியவர்களுக்கு 32-க்கு, குழந்தைகளுக்கு 49-க்கு என்று தனித்தனியாக இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டாவதை முதலில் பாருங்கள். அது சைல்டு சீட்டில் உட்காரவைத்த டம்மிகளை வைத்துச் சோதித்தது, அதனால் காரோடு சீட்டையும் சேர்த்து வாங்குங்கள்.