பழைய புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண் ஏன் X என்று முடிகிறது?

அந்த X அச்சுப்பிழை இல்லை, 10 என்ற மதிப்பு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன், 2007க்கு முன் பத்து இலக்கம். முதல் ஒன்பதை 10, 9, 8 என 2 வரை பெருக்கிக் கூட்டி, தொகை 11ஆல் மீதியின்றி வகுபடக் கடைசி இலக்கத்தைச் சேர்ப்பார்கள். அதற்குச் சில சமயம் 10 தேவைப்படும், இடமோ ஒன்றுதான்.

இப்போதைய 13 இலக்கத்தில் 1, 3 என மாறிமாறிப் பெருக்கி, 10ஆல் வகுபட வைக்கிறார்கள். X தேவையில்லை; ஆனால், என் பார்வையில், தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் காவல் தளர்ந்துவிட்டது. 978-0-306-40615-7இல் 6, 1 இரண்டையும் இடம் மாற்றி 40165 என்று அடித்தாலும் கணக்கு சரியாகவே வரும், ஏனென்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 5, அதனால் தொகை சரியாக 10 மாறுகிறது. பழைய முறை இதைப் பிடித்துவிடும்.

பழைய எண்ணை மாற்றும்போது முன்னால் 978 சேர்த்தால் போதாது, கடைசி இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.