பனிக்காலக் கேள்வி பதில்: வீடும் வண்டியும்

கேள்வி: மழையே இல்லை, தகரத்தில் ஓட்டையும் இல்லை. ஆனால் விடியற்காலையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கட்டில், துணியெல்லாம் நனைகிறது. ஆணித் துளைகளுக்குத் தார் பூசியும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, கந்தப்பளை

பதில்: தார் பூசி இது நிற்காது. அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, உங்கள் வீட்டுக்குள்தான் உண்டாகிறது. ஜனவரி, பெப்ரவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். நம் மூச்சு, சோறு வேகும் ஆவி, உள்ளே காயப்போட்ட துணி எல்லாவற்றின் ஈரமும் மேலே போய் அதில் பட்டு நீராகிறது. அடுப்பு எரிவதே ஈரத்தைக் கூட்டும். ஒரு கிலோ சமையல் காஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும்.

ஆகவே முதல் வேலை ஈரத்துக்கு வழி விடுவது. கூரை முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரிலும் ஓரடி நீளம், அரையடி உயரத்தில் ஒரு திறப்பு வைத்துக் கம்பிவலை அடியுங்கள். குளிருக்குப் பயந்து அதில் சாக்கைத் திணிக்காதீர்கள். சொட்டுவது கூடுவது பெரும்பாலும் அப்படி அடைத்த பிறகுதான். சமைக்கும்போது அடுப்படிக் கதவை மற்ற அறைப் பக்கம் சாத்தி, வெளிப்பக்கம் திறந்து வையுங்கள்.

அடுத்தது, கூரைக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் விரிப்பு. அதைத் தகரத்தோடு ஒட்டாமல் ரீப்பர் கட்டைகளின் அடிப்பக்கம் அடியுங்கள், நடுவில் காற்றுக்கு இடம் இருக்கட்டும். ஒரு விரிப்பின் மேல் அடுத்தது 10 சென்ரிமீற்றராவது ஏறி நிற்க வேண்டும். இணைப்பையும் சுவரோரத்தையும் வெள்ளி டேப்பால் முழுக்க ஒட்டுங்கள், ஏனென்றால் ஒட்டாமல் விட்ட இடத்தால் ஈரக்காற்று மேலே ஏறி அங்கேயே சொட்டும். வெறும் பொலித்தீனைத் தளர்வாகக் கட்டுவது பலர் செய்கிற வேலை. அதன்மேல் நீர் தேங்கிப் பை போலத் தொங்கி, ஒருநாள் மொத்தமாகக் கட்டில்மேல் கொட்டும். அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் பூஞ்சணமும் குறையும்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. இரவில் அறைக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டு தூங்கலாமா? ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதாதா?
— வாசகர், அக்கரப்பத்தனை

பதில்: போதாது. தயவுசெய்து ஒருநாள்கூட அப்படிச் செய்யாதீர்கள். புகை அடங்கிச் சிவப்பாகக் கனலும் கரியைத்தான் எல்லோரும் "இனிப் பயமில்லை" என்று உள்ளே கொண்டுவருகிறார்கள். அந்தக் கரியிலிருந்துதான் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வருகிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் சேரும் இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது பிடித்துக்கொள்ளும். சாம்பல் மூடியபிறகும் உள்ளே கனல் இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார்.

வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். எல்லோரையும் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து 1990 அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள். தேறிவிட்டதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒட்சிசன் கொடுத்தால்தான் அந்த நஞ்சு விரைவில் இறங்கும்.

சூட்டுக்கு வேறு வழி இருக்கிறது. குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை இழுக்கும். தரையில் படுப்பவர்கள் அட்டைப் பெட்டியை விரித்து, அதன்மேல் பாய், அதன்மேல் தடித்த கம்பளி என்று போடுங்கள். மேலே இரண்டு போர்வை போடுவதைவிடக் கீழே ஒன்று, மேலே ஒன்று போடுவது நல்லது. சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றிக் குழந்தையின் படுக்கையில் 20 நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். குழந்தையைக் கிடத்தும் முன் பையை எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: டொரொண்டோவில் இருக்கும் அண்ணன், பனிக்கு வாசலில் உப்புத் தூவச் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், நுவரெலியா

பதில்: வேண்டாம். அங்கே நாட்கணக்கில் கிடக்கும் பனிக்கட்டிக்கு அது சரி. நம் புல்லில் படியும் உறைபனி வெயில் ஏறியதும் போய்விடும். உப்புதான் மண்ணில் தங்கிப் பூச்செடியைக் கருக்கும், வண்டியின் அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

கேள்வி: காலையில் முச்சக்கர வண்டி லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. கராஜைப் பூட்டிவைத்து என்ஜினைச் சூடாக்குகிறேன். பெட்டரி மாற்ற வேண்டுமா?
— வாசகர், ராகலை

பதில்: முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். மேலே கரிக்குச் சொன்ன அதே நஞ்சு வண்டிப் புகையிலும் உண்டு. வெளியே தள்ளிவந்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.

பெட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள். இரவு முழுக்க ஓய்ந்த 12 வோல்ட் பெட்டரி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். 0 பாகைக்கு அருகில் பெட்டரியின் பலம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதே நேரம் ஒயில் தடித்து என்ஜினும் இறுகும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வராவிட்டால் பழுது சார்ஜ் ஆவதில்தான், புதுப் பெட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவிக் காயவைத்து வாஸ்லின் பூசுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

காபரேற்றர் வண்டி என்றால் சோக்கை முழுதாக இழுத்து, அக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். 5 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். 15 விநாடி விட்டு மறுபடி. ஓடத் தொடங்கியதும் சோக்கைப் பாதி, ஒரு நிமிடத்தில் முழுதும் தள்ளிவிடுங்கள். இழுத்தபடியே ஓட்டினால் பிளக் கரிபிடித்து நாளைக் காலை இன்னும் மோசமாகும். பெற்றோல் மணம் அடித்தால் சோக்கைத் தள்ளி, அக்சிலேட்டரை முழுக்கத் திருகியபடி ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். 20W-50 ஒயில் ஊற்றியிருந்தால், வண்டிக் கையேடு அனுமதித்தால், குளிரில் அதைவிடக் குறைவாகத் தடிக்கும் 10W-30க்கு மாறுங்கள்.

கேள்வி: அம்பேவெலயில் இரவு நிற்கும் வேனின் கண்ணாடியில் பனி உறைகிறது. சுடுதண்ணீர் ஊற்றலாமா? ரேடியேட்டருக்குக் கூலன்ட் அவசியமா?
— வாசகர், பட்டிப்பொல

பதில்: ஊற்றாதீர்கள். கல் தெறித்த சிறு புள்ளி இருந்தாலும் அதிலிருந்து கண்ணாடி நீளமாக வெடிக்கும். மாலையிலேயே காய்ந்த அட்டையை வைப்பருக்கு அடியில் செருகி மூடுங்கள். மறந்தால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். உறைந்து ஒட்டிய வைப்பரைக் கையால் விடுவித்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் கிழியும், மோட்டாரும் புகையும்.

கூலன்ட் அவசியம், ஆனால் நம் ஊரில் அது தண்ணீர் உறைவதைத் தடுப்பதற்காக அல்ல. நுவரெலியாவின் கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். றம்பொடை ஏற்றத்தில் வேன் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கூலன்ட் கொதிநிலையை உயர்த்தும், உள்ளே துருவையும் தடுக்கும். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் கலந்து ஊற்றுங்கள், ஓடைத் தண்ணீர் படிவு பிடித்துக் குழாயை அடைக்கும். ரேடியேட்டர் மூடி கசிந்தால் கொதிப்பதைத் தள்ளிப்போடும் அழுத்தம் உள்ளே நிற்காது, ஆகவே அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மூடியையும் சேர்த்து மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது.