சாற்றின் எடையை மட்டும் வைத்து மரத்தை எடைபோடாதீர்கள்

கேள்வி: மரத்துக்கு உறுதி தரும் இயற்கைப் பொருட்களைப் பிரித்து அளந்தால், அந்த மரம் எவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்லிவிட முடியுமா?

பாதிதான் சொல்லலாம். நீங்கள் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர் என்று நினைக்கிறேன். செய்முறை கடினமில்லை. மரத்தூளைச் சலித்து, உலர் எடை பார்த்து, ஆல்கஹாலும் டொலுயீனும் கலந்த கரைப்பானோடு சாக்ஸ்லெட் கருவியில் (கொதிக்கும் கரைப்பானைத் திரும்பத் திரும்பத் தூள்மேல் இறக்கிச் சாற்றைப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி) சில மணி நேரம் விட வேண்டும். கரைப்பானை ஆவியாக்கினால் மிஞ்சுவது சாறு. உலர் எடையில் அது எத்தனை சதவீதம் என்று கணக்கிடலாம். பழைய புத்தகத்தில் பென்சீன் என்று இருந்தால் தொடாதீர்கள், புற்றுநோய் ஆபத்து.

எங்கள் அப்பா கடலோரத் தொண்டியில் ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர். வள்ளத்துக்குப் பலகை அறுத்தால் வெள்ளையை, அதாவது வெளிப்புற வெளிர் மரத்தை, செதுக்கித் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் வைரத்தை மட்டும்தான் வைப்பார். எம்.எஸ்சி. வேதியியல் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டதும் அவர் பட்டறைத் தேக்குதான். வைரத்தூளில் இறங்கிய சாறு காப்பி நிறம், வெள்ளையில் வெளிறிய மஞ்சள். எடையிலும் வைரமே அதிகம். "இது போதும், எழுதி முடி" என்றார்கள் துறையில். நான் விடவில்லை. அந்தச் சாற்றில் கொழுப்பு, மெழுகு, பிசின் எல்லாம் கலந்துதான் வரும். கறையானைத் தடுப்பது, தேக்கில் இயற்கையாகவே இருக்கும் டெக்டோகுயினோன் மாதிரி சில பொருட்கள்தான். அதைத் தனியாக அளக்க, கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியும், ஒப்பிடத் தூய டெக்டோகுயினோனும் வேண்டும். எங்கள் துறையில் இரண்டும் இல்லை. அதனால் சாறு எடுத்த வைரச் சில்லுகளையும் எடுக்காதவற்றையும் பட்டறைக்குப் பின்னால் கறையான் புற்றருகே புதைத்து வைத்தேன். சாறு போனவற்றைக் கறையான் தின்றுவிட்டது, மற்றவற்றில் மேலோடு கொஞ்சம் அரிப்புதான். அப்பாவிடம் காட்டினேன். "சத்தை உறிஞ்சிட்டா வைரமும் வெள்ளைதான் ஆத்தா" என்றார்.

மரத்தை மக்கவைக்கும் பூஞ்சையை வைத்து முறையான சோதனை செய்யாமல் பேசலாமா என்று யாராவது கேட்பீர்கள். சரி, அதுவும் தேவைதான், நான் மறுக்கவில்லை. அதேபோல, கறையானைத் தாங்கும் மரம் கடலில் கப்பல் புழுவையும் தாங்கும் என்று எண்ணாதீர்கள். அது பூச்சியே இல்லை, சிப்பி இனம். அப்புறம், மாதிரி எடுக்கும்போது மரத்தின் வயதையும், தண்டின் எந்தப் பகுதி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேக்கில் வைரத்தின் வெளிப்புறம்தான் அதிகம் தாங்கும், நடுவை நெருங்க நெருங்கக் குறையும். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் வரும் எண் எதற்கும் உதவாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். பட்டறைக்குக் கடன் கேட்டு அப்பா ஒரு வங்கிக்குப் போனார். "இப்போ எல்லாம் ஃபைபர் படகுதானே" என்று விண்ணப்பத்தையே வாங்கவில்லை. நான் கருவி வைத்து அளந்ததை அவர் பலகையைத் தொட்டே சொல்வார். அவரை அப்படித் திருப்பி அனுப்பியதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.